இலவசத் தமிழ் எழுத்துருவை வணிக வேலைக்குப் பயன்படுத்தலாமா?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு மசாலா நிறுவனத்துக்கு லோகோ, பாக்கெட் டிசைன், இணையதளம் மூன்றையும் ஒரே வடிவமைப்பாளர் செய்கிறார். கூகுள் ஃபாண்ட்ஸில் எடுத்த ஒரு தமிழ் எழுத்துரு, ஒரு இலவச ஃபாண்ட் தளத்தில் ‘பர்சனல் யூஸ்’ என்று போட்டிருந்த ஓர் ஆங்கில எழுத்துரு, பல வருடங்களாகக் கடைகளில் சுற்றிவரும் சிடியிலிருந்து வந்த யூனிகோட் அல்லாத ஒரு தமிழ் எழுத்துரு ஆகிய மூன்றும் வேலையில் கலந்திருக்கின்றன. எல்லாமே காசு கொடுக்காமல் கிடைத்தவை. எழுத்தைக் கர்வ் ஆக்கிவிட்டால், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா, கிளையன்ட் கேட்டால் ஃபாண்ட் கோப்பைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

முதல் எழுத்துரு மூன்று வேலைக்கும் சரி. இரண்டாவது இந்த வேலைக்கு ஆகாது. கர்வ் ஆக்கினாலும் ஆகாது. மூன்றாவது யாருடையது, என்ன நிபந்தனை என்று தெரியும்வரை அதில் கை வைக்க வேண்டாம். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு: கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் வடிவம் ஒன்று, அதை வரையும் கோப்பு மற்றொன்று. அமெரிக்காவில் எழுத்து வடிவத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) இல்லை என்று 1978இல் எல்ட்ரா எதிர் ரிங்கர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே நாட்டில் 1998இல் அடோபி எதிர் சதர்ன் சாஃப்ட்வேர் வழக்கில், எழுத்துருக் கோப்பு ஒரு கணினி நிரல் என்பதால் அதற்குக் காப்புரிமை உண்டு என்று தீர்ப்பானது. இந்தியாவிலும் எழுத்து வடிவத்தைக் கலைப்படைப்பாகப் பதிவு செய்யக் கேட்ட விண்ணப்பத்தைக் காப்புரிமை வாரியம் 2002இல் மறுத்தது. ஆனால் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்துக் காக்கிறது. எழுத்துரு நிறுவனங்கள் உரிமை கோருவதும் அந்த வழியில்தான். காப்புரிமை மீறலுக்கு அந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. நடைமுறையில் யாரும் போலீஸோடு வந்து நிற்பதில்லை. “இந்த எழுத்துருவுக்கு லைசென்ஸ் வாங்கிய ரசீதை அனுப்புங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் வரும். அது வடிவமைப்பாளருக்கு வராது, பாக்கெட்டில் பெயர் இருக்கும் நிறுவனத்துக்குத்தான் போகும். சங்கடமே அங்கேதான்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு: இணையதளத்தில் எழுத்துருக் கோப்பு யாரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்தே கிடக்கிறது. பிடிஎஃப் கோப்பின் பிராபர்டீஸில் ஃபாண்ட்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் எல்லாப் பெயரும் வரிசையாக இருக்கும். லோகோவைப் பார்த்தவுடனே, அந்த எழுத்தை வரைந்தவருக்குத் தன் கைவேலை தெரிந்துவிடும். 2010இல் பிரான்ஸில் இணையத் திருட்டைத் தடுக்கவென்றே ஏற்படுத்திய ஹாடோபி அமைப்பு வெளியிட்ட லோகோவில் இருந்தது, ஃபிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்துக்காக மட்டும் ழான் ஃபிரான்சுவா போர்ஷே வரைந்து கொடுத்த எழுத்துரு. லோகோவை மாற்ற வேண்டியதாயிற்று. திருட்டைப் பிடிக்க வந்தவர்களே அந்த நிலையில் நின்றார்கள் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ஆகவே ‘எவ்வளவு கொடுத்தேன்’ என்பதை விட்டுவிட்டு, ‘கோப்பை வைத்து என்ன செய்யப் போகிறேன்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மசாலா வேலையிலேயே ஐந்து விதமான செயல்கள் இருக்கின்றன. லோகோவும் பாக்கெட்டும் அச்சாவது, அதாவது எழுத்து படமாக மாறுவது ஒன்று. அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃபுக்குள் எழுத்துருவைப் பொதிப்பது இரண்டாவது. இணையதளத்தின் சர்வரில் கோப்பை வைப்பது மூன்றாவது. கிளையன்டுக்கோ அச்சகத்துக்கோ கோப்பை நகலெடுத்துக் கொடுப்பது நான்காவது. எழுத்துருவைத் திறந்து ஓர் எழுத்தை மாற்றிப் புதுக் கோப்பாகச் சேமிப்பது ஐந்தாவது. விலைக்கு விற்கும் எழுத்துருக்களில் இவற்றுக்குத் தனித்தனி லைசென்ஸ் இருக்கும்: டெஸ்க்டாப் லைசென்ஸுக்கு எத்தனை கணினி என்ற கணக்கு, வெப் லைசென்ஸுக்குப் பெரும்பாலும் மாதத்துக்கு எத்தனை பக்கப் பார்வை என்ற கணக்கு, ஆப்புக்கும் மின்னூலுக்கும் வேறு. டெஸ்க்டாப் லைசென்ஸ் வாங்கிய கோப்பை இணையதளத்தில் ஏற்றுவது தினமும் நடக்கும் தவறு. காசு கொடுத்து வாங்கியதால் எதையும் செய்யலாம் என்ற நினைப்புதான் காரணம்.

இலவச எழுத்துருக்களில் இந்த ஐந்துக்கும் ஒரே வீச்சில் அனுமதி தருவது எஸ்ஐஎல் (SIL) அமைப்பின் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ். சுருக்கமாக ஓஎஃப்எல். இப்போது புழங்கும் 1.1 பதிப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இதன் கீழ்தான் வருகின்றன. சில அப்பாச்சி 2.0 லைசென்ஸ், உபுண்டு எழுத்துருக்கள் உபுண்டு லைசென்ஸ். தமிழில் பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான், இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ஹிந்த் மதுரை, ஏக் டைப்பின் முக்த மலர், பலூ தம்பி, அனேக் தமிழ், தாரிக் அஸீஸின் கவிவனார், பவனம், சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்கின் மீரா இனிமை, டைரோ டைப்வொர்க்ஸின் டைரோ தமிழ், கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் ஓஎஃப்எல். மசாலா பாக்கெட்டுக்கு மட்டுமல்ல, சினிமா போஸ்டருக்கும் இவை போதும்.

ஓஎஃப்எல்லின் நிபந்தனைகள் ஐந்துதான். எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது. வேறொரு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். ஒரு சின்ன ‘ஹலோ வேர்ல்ட்’ நிரலோடு சேர்த்தாலே இந்த நிபந்தனை தீர்ந்துவிடும் என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு, கோப்பை எங்கே கொடுத்தாலும் காப்புரிமை அறிவிப்பும் லைசென்ஸ் உரையும் கூடவே போக வேண்டும். மூன்று, ‘ரிசர்வ்டு ஃபாண்ட் நேம்’ என்று ஒரு பெயரை ஒதுக்கி வைத்திருந்தால், மாற்றிய பதிப்புக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. நான்கு, வரைந்தவரின் பெயரைச் சொல்லி மாற்றிய பதிப்பை விளம்பரம் செய்யக் கூடாது. ஐந்து, மாற்றியதும் அதே ஓஎஃப்எல்லின் கீழ்தான் வெளிவர வேண்டும். ஆனால் எழுத்துருவை வைத்து உருவாக்கிய ஆவணத்துக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

அந்தக் கடைசி வரிதான் வடிவமைப்பாளருக்கு முக்கியம். லோகோ, பத்திரிகை, பேனர், டி‑ஷர்ட், பிடிஎஃப் எல்லாமே ஆவணத்தில் அடங்கும். அவை உங்கள் உரிமை, அல்லது கிளையன்டின் உரிமை. பாக்கெட்டின் ஓரத்தில் ‘எழுத்துரு: இன்னார்’ என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. லோகோவை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யவும் தடையில்லை. ஒன்றை மட்டும் கிளையன்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அடுத்த தெருவில் இன்னொரு மசாலாக் கம்பெனி அதே கேட்டமரானில் தன் பெயரை எழுதினால் எழுத்துருவைக் காட்டித் தடுக்க முடியாது. அதனால் லோகோவுக்கு எடுத்த எழுத்தைக் கர்வ் ஆக்கிய பிறகு, ‘ம’வின் வாலையோ ‘சா’வின் காலையோ கையால் மாற்றி வரைந்துவிடுவது நல்லது. கோப்பு மாறாமல் படம் மட்டும் மாறுவதால் மூன்றாவது, ஐந்தாவது நிபந்தனைகள் இதற்குப் பொருந்தாது.

கிளையன்டுக்குக் கோப்பைக் கொடுப்பதும் தாராளமாகச் செய்யலாம். இறக்கிய ஜிப்பை அப்படியே கொடுங்கள். அதற்குள் ஓஎஃப்எல் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். எழுத்துருவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அந்த டெக்ஸ்ட் கோப்பை விட்டுவிடுவதுதான் பலர் செய்வது. எழுத்துருவுக்குள்ளேயே லைசென்ஸ் விவரம் இருந்தால் அதையும் ஓஎஃப்எல் ஏற்றுக்கொள்கிறது என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். ஆனால் இணையதளத்துக்குக் கோப்பைச் சுருக்கும்போது அந்த விவரமே காணாமல் போகும்.

அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், தமிழுக்கு இதில்தான் அதிகம் அடிபடுகிறது. யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் நிரம்பியவை 72. ‘கு’வுக்குத் தனி இடம் இல்லை, க, பிறகு உகரக் குறி என்று இரண்டு குறியீடுகள் வரும். அவற்றைப் பார்த்ததும் ‘கு’ என்ற தனி உருவை எடுத்துப் போடுவது எழுத்துருவுக்குள் இருக்கும் ஜிசப் என்ற அட்டவணை. 18 மெய்க்கும் உகர, ஊகார வரிசை மட்டுமே 36 உருவங்கள். அதற்கு மேல் ‘டி’, ‘டீ’, க்ஷ, ஸ்ரீ. இவை எதற்கும் குறியீட்டு எண் கிடையாது. இப்போது பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று யாரோ ஒருவர், குறியீட்டு எண் உள்ள உருவங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஓர் ஆன்லைன் கருவியில் எழுத்துருவைப் போட்டுச் சுருக்குகிறார். கோப்பு பாதியாகிறது. தளத்தில் ‘குழம்பு’ என்ற சொல்லில் க தனியாக, பக்கத்தில் உகரக் குறி தொங்கலாக, பிறகு ழகரம் என்று உடைந்து நிற்கிறது. எழுத்துரு மோசம் என்று திட்டுவார்கள். தவறு சுருக்கியதில்தான்.

இதற்கு ஃபாண்ட்டூல்ஸ் தொகுப்பில் உள்ள பைஎஃப்டிசப்செட் நல்ல கருவி. அது ஜிசப் அட்டவணையைப் பின்தொடர்ந்து போய், தேவையான கூட்டுருவங்களையும் சேர்த்துக்கொள்ளும். தமிழ் 128 இடங்களோடு ஆங்கில எழுத்துகள், எண்கள், ரூபாய்க் குறி, இணையாமல் பிரித்து வைக்கும் ஜீரோ விட்த் நான்‑ஜாய்னர், புள்ளி வட்டம் ஆகியவற்றின் குறியீடுகளையும் கொடுங்கள். கருவியில் ஒரு கண்ணி உண்டு. எழுத்துருவின் நேம் அட்டவணையில் 0 முதல் 6 வரையுள்ள பதிவுகளை மட்டுமே அது இயல்பாக வைத்துக்கொள்ளும். லைசென்ஸ் உரை இருப்பது 13ஆம் பதிவில், லைசென்ஸ் முகவரி 14இல். இரண்டும் சத்தமில்லாமல் வெட்டுப்படும். நேம் ஐடி என்ற தெரிவுக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் எல்லாம் தங்கும். சர்வரில் எழுத்துரு இருக்கும் அதே ஃபோல்டரில் ஓஎஃப்எல் டெக்ஸ்ட் கோப்பையும் போட்டுவிட்டால் இரட்டைப் பாதுகாப்பு.

அடுத்தது பெயர். எழுத்துருவை மாற்றாமல், இணையத்துக்கான கோப்பு வகையான வாஃப்2 ஆகச் சுருக்கிக் கட்டினால் அது வெறும் பொட்டலம். மாற்றம் என்று கணக்கில்லை. உருவங்களை வெட்டி எடுத்தால் அது மாற்றிய பதிப்பு. லைசென்ஸ் கோப்பின் முதல் வரியில் காப்புரிமை அறிவிப்புக்குப் பக்கத்தில் ரிசர்வ்டு ஃபாண்ட் நேம் என்று இருந்தால், வெட்டிய கோப்பின் உள்பெயரை மாற்ற வேண்டும். அப்படி எந்த வரியும் இல்லையென்றால் பெயர் மாற்றத் தேவையில்லை. இந்தத் தலைவலியைத் தவிர்க்கத்தான் கூகுள் ஃபாண்ட்ஸ் தன்னிடம் வரும் புதிய எழுத்துருக்களில் ஒதுக்கிய பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. ஜிப்பைத் திறந்ததும் முதல் வரியைப் படியுங்கள், அரை நிமிட வேலை.

எழுத்துருவைச் சொந்த சர்வரில் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கூகுள் சர்வரிலிருந்து நேரடியாக எழுத்துருவை இழுக்கும் தளம் ஒன்று, பார்வையாளரின் ஐபி முகவரியை அவர் சம்மதம் இல்லாமல் கூகுளுக்கு அனுப்புகிறது என்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் சொல்லி, 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இதில் லைசென்ஸ் மீறல் எதுவும் இல்லை, தனியுரிமைச் சட்டப் பிரச்சினை. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு மசாலா ஏற்றுமதி செய்யும் கம்பெனி என்றால், அங்கிருந்து தளத்தைத் திறப்பவர்கள் இருப்பார்கள். கோப்பை நம் சர்வரிலேயே வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

இப்போது அந்த ஆங்கில எழுத்துரு. ‘பர்சனல் யூஸ்’ என்றால் பிறந்தநாள் அட்டை, வீட்டுச் சுவரொட்டி, பள்ளி ப்ராஜெக்ட். கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலையும், விற்கும் பொருளின் மேல் வருவதும் அதில் அடங்காது. கர்வ் ஆக்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எல்லா டிடிபி கடையிலும் இருக்கிறது. கர்வ் ஆக்குவதால் தீர்வது ஒன்றே: கோப்பை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. ஆனால் இந்த லைசென்ஸ் தடுப்பது, அந்த எழுத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதையே. கர்வ் ஆனாலும் அது அதே பயன்பாடுதான். கூடவே தொழில்நுட்ப நஷ்டமும் உண்டு. 6 பாயிண்டில் வரும் சேர்மானப் பட்டியலைக் கர்வ் ஆக்கினால் சில அச்சு இயந்திரங்களில் கோடுகள் தடித்து ‘ண’, ‘ன’ குழம்பும். கடைசி நேரத்தில் விலையைத் திருத்தவும் முடியாது. லோகோவை மட்டும் கர்வ் ஆக்கி, சிறு எழுத்தை எழுத்தாகவே பிடிஎஃபில் பொதித்து அனுப்புவதுதான் சரி. அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் தரம், எல்லா எழுத்துருவும் பொதிந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறது.

இலவச ஃபாண்ட் தளங்களில் ‘100 சதவீதம் இலவசம்’ என்று போட்டிருந்தாலும் அப்படியே நம்பக் கூடாது. ஏற்றியவர் உரிமையாளராக இல்லாமல் இருக்கலாம். விலைக்கு விற்கும் எழுத்துருவின் பெயரை மாற்றி ஏற்றியதாகவும் இருக்கலாம். கோப்பையே விசாரியுங்கள். மேக்கில் ஃபாண்ட் புக்கில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து விவரத்தைத் திறந்தால் காப்புரிமை, லைசென்ஸ், பொதிக்க அனுமதி எல்லாம் தெரியும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் எழுத்துருவைத் தொட்டால் பொதிக்கும் அனுமதி தெரியும். முழுதாகப் பார்க்க ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துருத் திருத்தும் மென்பொருளில் திறந்து எலிமென்ட், ஃபாண்ட் இன்ஃபோ, டிடிஎஃப் நேம்ஸ் போங்கள். தளத்தில் ஒருவர் பெயர், கோப்புக்குள் பெரிய நிறுவனம் ஒன்றின் காப்புரிமை வரி என்று இருந்தால் அங்கேயே மூடிவிடுங்கள்.

பொதிக்கும் அனுமதி என்பது எஃப்எஸ்டைப் என்ற ஓர் எண். 0 என்றால் தடையில்லை. 2 என்றால் பொதிக்கவே கூடாது. 4 என்றால் பார்க்கவும் அச்சடிக்கவும் மட்டும். 8 என்றால் திருத்தக்கூடிய ஆவணத்திலும் வைக்கலாம். பிடிஎஃப் ஆக்கும்போது ஓர் எழுத்துரு மட்டும் அடம்பிடித்தால் பெரும்பாலும் அந்த எண் 2. ஃபாண்ட்ஃபோர்ஜில் அதை 0 ஆக மாற்றிவிட்டு வேலையை முடிக்கும் குறுக்குவழி சிலருக்குத் தெரியும். எண் பூட்டு மாதிரி. பூட்டை உடைப்பதால் வீடு நம்முடையதாகிவிடாது. எதிர்ப்பக்கமும் இதே கணக்கு: எண் 0 என்பதால் வணிகத்துக்கு அனுமதி என்று ஆகாது. எழுதிவைத்த லைசென்ஸ்தான் பேசும்.

‘டெமோ’ என்று முடியும் கோப்புகளில் இன்னொரு விபத்து. பெரும்பாலும் எண்கள், நிறுத்தக்குறிகள் இருக்காது, ரூபாய்க் குறி இருக்கவே இருக்காது. ₹ யூனிகோடுக்கு வந்ததே 2010இல். அதற்கு முன் வரைந்து அப்படியே விட்ட எழுத்துருக்களிலும் அது இல்லை. திரையில் மென்பொருள் வேறொரு எழுத்துருவிலிருந்து அதை இரவல் வாங்கிக் காட்டிவிடும். அச்சகத்தில் திறந்தால் கட்டம் வரும். விலை அச்சடிக்கும் பொருளுக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது ‘அ’வும் அல்ல, ‘ஸ்ரீ’யும் அல்ல, ₹தான்.

மூன்றாவது எழுத்துருவுக்கு வருவோம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டேப், டேம் முதலான குறிமுறைகளில் நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் சிடி வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பல, டிடிபி மென்பொருளோடு விற்றவை. மென்பொருளை வாங்கியவருக்குத்தான் அனுமதி. சில, ஒன்றை நகலெடுத்துப் பெயர் மாற்றியவை. பலவற்றில் லைசென்ஸ் வரியே கிடையாது. ஒன்றும் எழுதவில்லை என்றால் பொதுச் சொத்து என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. அனுமதி எழுதித் தராதவரை எல்லா உரிமையும் ஆக்கியவரிடமே இருக்கிறது. அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாலும் கோப்பைத் திருத்துவதாகிவிடும், அதற்கும் அனுமதி வேண்டும். உரையை யூனிகோடுக்கு மாற்றுவது வேறு, அதை யாரும் தடுக்க முடியாது. பழைய வடிவமைப்புகளின் உரையை மாற்றி எடுத்துக்கொண்டு, எழுத்துருவை அங்கேயே விட்டுவிடுங்கள்.

யூனிகோடுக்கு வந்ததும் மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நல்ல எழுத்துருவும் கெட்டதாகத் தெரியும். இன்டிசைனில் வேர்ல்டு‑ரெடி பாராகிராஃப் கம்போஸர் தேர்வு செய்யாவிட்டால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரிலும் இதற்கு இணையான இந்திய மொழி அமைப்பு உண்டு. இதைச் செய்யாமல் ‘யூனிகோட் வேலைக்காகாது’ என்று பழைய சிடிக்கே திரும்புகிறவர்கள் ஏராளம்.

கணினியோடு வரும் எழுத்துருக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸின் லதா, விஜயா, நிர்மலா யூஐ ஆகியவற்றில் அச்சடித்து விற்க மைக்ரோசாஃப்ட் தடை சொல்வதில்லை. வீட்டு, மாணவர் உபயோகத்துக்கென்று விற்கும் மென்பொருளாக இருந்தால் மட்டும் கட்டுப்பாடு. கோப்பை எடுத்து சர்வரிலோ ஆப்பிலோ போடுவதற்கு அனுமதி இல்லை. ஆப்பிளின் சான் ஃபிரான்சிஸ்கோவை ஆப்பிள் டெவலப்பர் பக்கத்தில் இறக்கிக்கொள்ளலாம், ஆனால் ஆப்பிள் சாதனங்களுக்கான திரை மாதிரிகளுக்கு மட்டும். பாக்கெட்டில் வரக் கூடாது. அடோபி ஃபாண்ட்ஸில் வணிக வேலை செய்யலாம், லோகோவும் செய்யலாம். கோப்பைக் கிளையன்டுக்குத் தர முடியாது, சந்தா நின்றால் எழுத்துருவும் நின்றுவிடும். ஏற்கெனவே ஆக்கிய பிடிஎஃபுக்கு ஒன்றும் ஆகாது. கிளையன்ட் பின்னாளில் கோப்பைத் திறந்து திருத்த வேண்டுமென்றால் அவருக்கும் சொந்தச் சந்தா வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்டிசைனில் பேக்கேஜ் கொடுக்கும்போது ஃபாண்ட் பற்றி ஓர் எச்சரிக்கைப் பெட்டி வருமே, யாரும் படிக்காமல் ஓகே தட்டுவது, அது சொல்வது இதைத்தான்: டாக்குமென்ட் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் நகலாகும் விலை எழுத்துருவை அச்சகத்துக்கு அனுப்ப உங்கள் லைசென்ஸ் இடம் தருகிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் அச்சு வேலைக்கு மட்டும் விடும், சில விடாது. ஓஎஃப்எல் எழுத்துருவாக இருந்தால் கவலையில்லாமல் ஓகே தட்டலாம்.

பதிப்பையும் கவனியுங்கள். நோட்டோ எழுத்துருக்கள் 2015 வரை அப்பாச்சி லைசென்ஸில் இருந்து பிறகு ஓஎஃப்எல்லுக்கு மாறின. லோகித் தமிழ் என்ற இலவச எழுத்துரு முன்பு கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் லைசென்ஸில் இருந்தது, இப்போது ஓஎஃப்எல். ஜிபிஎல் எழுத்துருவில் ‘ஃபாண்ட் எக்ஸெப்ஷன்’ என்ற விலக்கு வரி இல்லையென்றால், அதைப் பொதித்த ஆவணமும் ஜிபிஎல்லுக்குள் இழுபடுமோ என்ற சந்தேகம் தொங்கிக்கொண்டே இருக்கும். பலூ தம்பி ‘பலூ தம்பி 2’ ஆனது, அரிமா மதுரை ‘அரிமா’ ஆனது. புதியதைப் போட்டுப் பழைய கோப்பைத் திறந்தால் எழுத்துரு இல்லை என்று சொல்லும், மாற்றிக் கொடுத்தால் வரிகள் நகரும். அதனால் ஒவ்வொரு வேலையின் ஃபோல்டரிலும் இறக்கிய ஜிப்பை அப்படியே, இறக்கிய பக்கத்தின் பிடிஎஃபைத் தேதியோடு, விலைக்கு வாங்கியிருந்தால் ரசீதையும் போட்டு வையுங்கள். விலை எழுத்துருவைக் கிளையன்ட் பெயரிலேயே வாங்குங்கள். உங்கள் பெயரில் வாங்கி அவருடைய இணையதளத்தில் ஏற்றினால் அந்த ரசீது அவரைக் காப்பாற்றாது.

இந்த மசாலா வேலையைச் சரிசெய்ய ஒரு நாள் போதும். பாக்கெட்டின் ஆங்கிலத்துக்குத் தனி எழுத்துரு தேவையே இல்லை; கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்த மலர் மூன்றிலும் தமிழோடு பொருந்தும்படி வரைந்த ஆங்கில எழுத்தும் இருக்கிறது. கேட்டமரானில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை 9 எடைகள் இருப்பதால் பெயர், சேர்மானம், விலை எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் முடிக்கலாம். சிடி எழுத்துருவில் அடித்த வரிகளை யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றுகளை மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். மாற்றிகள் அங்கேதான் சறுக்கும். லோகோவில் அந்த ஆங்கில எழுத்தின் வளைவைக் கிளையன்ட் விடமாட்டேன் என்றால், வரைந்தவருக்கு எழுதிக் கேளுங்கள். பர்சனல் யூஸ் எழுத்துருக்களோடு வரும் ரீட்மீ கோப்பில் பெரும்பாலும் அவர் மின்னஞ்சல் இருக்கும். எந்த எழுத்துரு, எந்த நிறுவனத்தின் லோகோ, அச்சு மட்டுமா இணையமும் சேர்த்தா, எத்தனை கணினி என்ற நான்கையும் முதல் மடலிலேயே எழுதிவிட்டால் விலையும் முதல் பதிலிலேயே வந்துவிடும். பதில் வரும்வரை அந்த லோகோவை அச்சுக்கு விடாதீர்கள்.